தளம் எதில் அமைத்தாலும் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும்

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். இணையதளம் தொடங்க விக்ஸ் நல்லது என்கிறார் ஒருவர், வேர்ட்பிரஸ் என்கிறார் இன்னொருவர். எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. எதை எடுக்கலாம்?

பதில்: முதலில் முகவரியைக் கவனியுங்கள், அம்மா. கடைப் பெயரில் ஒரு டொமைனை, அதாவது இணைய முகவரியை, உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து, உங்கள் பணத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். "நானே வாங்கித் தருகிறேன்" என்று தளம் அமைப்பவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். என்னிடம் உதவி கேட்டு வந்த மசாலாப் பொடி வியாபாரி ஒருவரின் டொமைன், தளம் செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தது. அந்த ஆள் தொலைபேசியை எடுக்காமல் போனதும், பாக்கெட்டுகளில் அச்சடித்த முகவரி அத்தனையும் வீண். கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலுடன் இலவசமாகக் கிடைத்த இணையதளங்கள்கூட 2024 மார்ச்சில் மூடப்பட்டன. சொந்த டொமைன் இருந்தால் அதைப் புதிய தளத்துக்குத் திருப்பிவிடலாம், வாடிக்கையாளருக்கு மாற்றமே தெரியாது.

விக்ஸ் பழகுவதற்கு எளிது. படத்தை இழுத்து வைத்தால் பக்கம் தயார். ஆனால் அங்கே அமைத்த தளத்தை அப்படியே வேறு நிறுவனத்தின் சர்வருக்குக் கொண்டுபோக முடியாது. எனக்கு அது பெரிய குறை.

வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு இருப்பதுதான் பலரையும் குழப்புகிறது. வேர்ட்பிரஸ்.ஆர்க் தருவது இலவச மென்பொருள். ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்கும் சர்வர் இடம், வாங்கி நிறுவுவது, கூடுதல் வசதி தரும் பிளக்இன்களைப் புதுப்பிப்பது, பேக்அப் எடுப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. புதுப்பிக்காமல் விட்டால் ஹேக்கர்களுக்கு வழி திறந்துவிடும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். வேர்ட்பிரஸ்.காம் ஒரு சேவை, இலவசத் திட்டமும் கட்டணத் திட்டங்களும் அதில் உண்டு. அந்தப் பராமரிப்பில் பெரும்பகுதியை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பக்கங்களையும் பதிவுகளையும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, பின்னாளில் வேறு இடத்துக்கும் மாறலாம்.

உங்களுக்கு நான் சொல்வது வேர்ட்பிரஸ்.காம்தான், சொந்த டொமைனை இணைக்கவிடும் திட்டமாகப் பார்த்து. சேலைப் படம், விலை, கீழே வாட்ஸ்அப் இணைப்பு. இப்போதைக்கு இவை போதும். ஆர்டர் பெருகி, பணம் பெறுவதும் இருப்புக் கணக்கும் தளத்திலேயே நடக்க வேண்டும் என்ற நிலை வந்தால், இணையக் கடை நடத்துவதற்கான சேவையான ஷாப்பிஃபைக்கு மாறுங்கள். மாதக் கட்டணம் உண்டு என்பதால் இன்றே அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.

ஆண்டுக் கட்டணம் செலுத்துமுன், வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் ஒரு சேலையை உங்கள் போனிலிருந்தே ஏற்றிப் பாருங்கள். மறுநாள் அதே பக்கத்தில் "விற்றுவிட்டது" என்று நீங்களே மாற்றுங்கள். யாரையும் கேட்காமல் இரண்டையும் செய்ய முடிந்தால் பணம் கட்டலாம்.