கள்ளநோட்டுக்காரர் வரைந்த சிட்னி

கேள்வி: சிட்னி துறைமுகத்தின் 1794-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். வரிசையாக வீடுகள், அமைதியான நீர், கப்பல்கள் என்று ஊர் பளிச்சென்று இருக்கிறது. கைதிகளைக் கொண்டுபோய்த் தள்ளிய இடம் என்றல்லவா படித்திருக்கிறோம்?
- வாசகி, சேலம்

பதில்: வரைந்தவரே கைதிதான் அம்மா! தாமஸ் வாட்லிங், ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் ஊர்க்காரர். கள்ளநோட்டு வழக்கில் 14 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்று 1792-இல் போய் இறங்கினார். (அவருடைய கோட்டோவியத்தைப் பார்த்து வேறு யாரோ வண்ணம் தீட்டியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.) இந்த ஊர்க் காட்சி ஒரே மாதிரி அலுப்படிக்கிறது, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிச் சேர்த்தால் சமாளிக்கலாம் என்ற தோரணையில் அவரே தன் ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பளிச்சென்று தெரிவதில் அந்தக் கைவேலைக்கும் பங்கு இருக்கும்.

1788 ஜனவரி 26 அன்று கைதிகளோடு வந்து அங்கே நங்கூரமிட்ட பிரிட்டிஷ்காரர்கள் முதலில் கட்டியது கம்பு பின்னிக் களிமண் பூசிய குடிசைகள். சுண்ணாம்புக்கல் கிடைக்கவில்லை, மழை பெய்தால் சுவர் கரையும். ஆளுநர் பிலிப்பின் வீட்டுக்கு மட்டும் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். 1790-இல், உணவு கொண்டுவர அவர்கள் நம்பியிருந்த சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவில் மோதி உடைந்ததும் ரேஷனை வெட்டினார்கள், பஞ்சம்தான். ஓவியம் வருவதற்குள் நிலைமை தேறியிருந்தது உண்மை. ஆனால் அந்த மண்ணின் கடிகல் மக்களும் அக்கம்பக்கத்துக் குடிகளும் 1789-இல் பரவிய பெரியம்மையில் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேர் போய்விட்டதாகப் பிலிப்பே கணக்கிட்டார். அதையெல்லாம் வீட்டுக் கூரைகளை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது.

கேள்வி: அந்த இடம் இப்போது எங்கே இருக்கிறது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: சர்க்குலர் கீ படகுத்துறைதான் அது. வடக்கிலிருந்து பார்த்து வரைந்ததால் இடது கைப்பக்கம் ஆளுநர் வீடு. இன்று அந்த இடத்தில் சிட்னி அருங்காட்சியகம். முதலில் போய்ச் சேர்ந்த பாட்டனி விரிகுடாவை விட்டு இங்கே வந்ததற்குக் காரணம் நல்ல தண்ணீர் ஓடிய ஒரு சிற்றோடை, அப்புறம் கப்பல் கரையை ஒட்டி நிற்கும் அளவுக்கு ஆழம். வறட்சிக்காகப் பாறையில் தொட்டி வெட்டியதால் டேங்க் ஸ்ட்ரீம் என்று பேர் பெற்ற அந்த ஓடையை ஊரே சேர்ந்து சாக்கடையாக்கி, 1826-இல் கைவிட்டது. இப்போதும் நகரத்துக்கு அடியில் குழாய்க்குள் ஓடுகிறது.

கேள்வி: வாட்லிங் என்ன ஆனார்?
- வாசகர், மதுரை

பதில்: 1797-இல் முழு மன்னிப்பு. கல்கத்தா வந்து சின்னச் சின்ன உருவப்படங்கள் வரைந்து பிழைத்தார். பிறகு ஸ்காட்லாந்து திரும்பினார், மறுபடியும் கள்ளநோட்டு வழக்கு! இந்த முறை குற்றம் நிரூபணமாகவில்லை.