கொட்டேஷன் எங்கே நிற்கிறது?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “90 பேர் வேலை செய்யும் பம்ப் தயாரிப்பு நிறுவனம் எங்களுடையது. இதுவரை ஒரே மாதிரி பம்புகளை மொத்தமாகச் செய்து குறைந்த விலைக்கு விற்றோம். இப்போது வாடிக்கையாளரின் தேவைக்கேற்ப வடிவமைத்துத் தருவது என்று முடிவெடுத்து, அதற்கென்று ஒரு மேலாளரையும் நியமித்துவிட்டோம். எட்டு மாதமாகியும் ஒரு கொட்டேஷன் போக மூன்று வாரம் ஆகிறது. துறைகளை எப்படிப் பிரிப்பது?”

துறை பிரிப்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். உங்கள் புதிய உத்தி ஜெயிக்க எந்த முடிவு சீக்கிரம் எடுக்கப்பட வேண்டும்? கேட்ட மாற்றத்தைச் செய்ய முடியுமா, என்ன விலை, எப்போது தருவோம் என்ற இந்த மூன்றும்தான். அது எங்கே மாட்டுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் போன ஒரு கொட்டேஷனை எடுத்து நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். விற்பனையிலிருந்து டிசைனுக்கு வந்த நாள், டிசைனர் அதைத் திறந்த நாள், வார்ப்பு விலை கேட்டுக் கொள்முதலுக்குப் போன நாள், கடைசியில் உங்கள் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்த நாட்கள் (இதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்). வேலை நடந்த நேரத்தைவிடக் காத்திருந்த நேரம்தான் பல மடங்கு இருக்கும்.

அப்புறம் அந்தப் புது மேலாளர். விலை சொல்லும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா? வாரத்தில் இத்தனை மணி நேரம் மெஷின் அவருக்கு என்று ஒதுக்கியிருக்கிறீர்களா? இரண்டும் இல்லையென்றால் அவர் நாள் முழுக்கக் கெஞ்சிக்கொண்டுதான் இருப்பார். உற்பத்தி மேற்பார்வையாளருக்கு மாதம் எத்தனை பம்ப் வெளியே போனது என்ற கணக்கில் ஊக்கத்தொகை என்றால், மெஷினை மாற்றியமைக்கவே அரை ஷிஃப்ட் கேட்கும் சிறப்பு ஆர்டரை அவர் கடைசிக்குத் தள்ளத்தான் செய்வார். அவர்மேல் தப்பில்லை. நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அதைத்தானே செய்கிறார்!

கொள்முதல், உற்பத்தி, விற்பனை என்று வேலைவாரியாகப் பிரிப்பதா, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிப் பிரிவு என்று பொருள்வாரியாகப் பிரிப்பதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. வெடிமருந்து செய்துவந்த டூபான்ட் என்ற அமெரிக்க நிறுவனம், முதல் உலகப் போரை ஒட்டிப் பெயின்ட், சாயம் என்று பல தொழில்களில் இறங்கியது. அமைப்பு மட்டும் கொள்முதல், உற்பத்தி, விற்பனை என்று பழையபடியே இருந்ததால், பெயின்டில் நஷ்டம் வந்தபோது முழுப் பொறுப்பும் ஒருவரிடம் இல்லை. 1921இல் பொருள்வாரியாகப் பிரித்தார்கள். ஆப்பிளில் இதற்கு நேர்மாறு. 1997இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ், தனித்தனியாக இயங்கிய பிரிவுகளைக் கலைத்து, நிறுவனம் முழுவதையும் ஒரே லாப நட்டக் கணக்கின் கீழ் வேலைவாரியாக அமைத்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றோடொன்று பொருந்தும் சில பொருள்கள் மட்டுமே.

உங்கள் அளவுக்குத் தொழிற்சாலையை இரண்டாக்கினால் இரண்டிலும் மெஷின்கள் சும்மா நிற்கும். அது வேலைவாரியாகவே இருக்கட்டும். விற்பனைப் பொறியாளர், டிசைனர், விலைக் கணக்குப் போடுபவர் ஆகிய மூவரை மட்டும் வெளியே எடுத்து, அந்த மேலாளரின் கீழ் ஒரே அறையில் உட்கார வையுங்கள். ஒரு வரம்பு வரை உங்களைக் கேட்காமல் அவரே கையெழுத்துப் போடலாம். மேற்பார்வையாளரின் ஊக்கத்தொகையில் சிறப்பு ஆர்டர் சொன்ன தேதியில் போனதையும் சேருங்கள்.

இதிலும் ஒரு நஷ்டம் உண்டு. பிரிந்துபோன டிசைனர், மற்றவர்கள் ஏற்கெனவே வரைந்த பாகத்தையே புதிதாக வரைய ஆரம்பிப்பார். வாரம் ஒருமுறை தலைமை டிசைனரோடு வரைபடங்களைப் பார்க்க வையுங்கள். ஆனால் பிரிந்துபோன டிசைனரின் விடுப்பும் ஆண்டு மதிப்பீடும் அந்த மேலாளரிடமே இருக்கட்டும். இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் அவர் இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

சிறப்பு ஆர்டர்கள் ஒரு மெஷின் வரிசையை முழுநேரமும் நிரப்பும் நிலை வந்தால் தனிப் பிரிவைப் பற்றி யோசிக்கலாம்.