ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போனால் சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைப்பது?

புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களுக்குள்ளும் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. கூலர் 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும்; அதில் உதிரி ஐஸ் போடக் கூடாது. இந்தக் கண்ணாடி விதியைப் படிக்காமல் மாங்காய் ஊறுகாயைப் பாட்டிலோடு பையில் வைத்த புண்ணியவதி நான்தான். என் கணவர் அதைக் காரில் வைத்துவிட்டு வரும்வரை நானும் பிள்ளைகளும் வாசலில் நின்றோம்.

அட்லாண்டாவிலிருந்து நாங்கள் நான்கு பேரும் இரண்டு முறை காரில் போயிருக்கிறோம். முதல் முறை எல்லாவற்றையும் உள்ளேயே வாங்கினோம். வீட்டுக்கு வந்து கார்டு பில்லைப் பார்த்தால், உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாட்டைவிடத் தாகத்துக்கும் அலுப்புக்கும் வாங்கியதுதான் அதிகம். தண்ணீர் பாட்டில் ஒன்று நான்கு டாலரை ஒட்டி வரும். ஃப்ளோரிடா வெயிலில் நான்கு பேருக்கு எத்தனை பாட்டில் ஆகும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ள கவுன்டர் உணவகங்களில் ஒரு கப் ஐஸ் தண்ணீரைக் காசில்லாமலே தருவார்கள், வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் முறை, பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் அடுப்படி உள்ள வாடகை வீடாகப் பார்த்து எடுத்தோம். காலையில் தோசை, கையில் மதியச் சாப்பாடு. தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, தயிரைப் பேருக்குச் சேர்த்துப் பிசைந்தால் மத்தியானம் வரை புளிக்காது. முந்தின இரவே தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சாதத்துக்குக் குளிர்ச்சியாகவும் இருக்கும், உருகினால் குடிக்கவும் ஆகும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் காரை நிறுத்தும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவே மோனோ ரயிலோ படகோ ஏற வேண்டும். சாப்பாட்டைக் காரில் விட்டுவிட்டு மத்தியானம் போய் எடுக்கலாம் என்ற நினைப்பு அங்கே வேண்டாம். இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டமில் அது முடியும்.

உள்ளே வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், கவுன்டர் உணவகங்களில் குழந்தைகள் தட்டைப் பெரியவர்களும் வாங்கலாம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பஃபே பக்கம் போகும் முன் வயதைப் பாருங்கள். குழந்தை விலை 3 முதல் 9 வயது வரைதான். என் மகளுக்கு 10 ஆகிவிட்டது. இரண்டு இட்லியில் எழுந்துவிடும் பிள்ளைக்குப் பெரியவர் விலை! முன்கூட்டியே பணம் கட்டும் டைனிங் பிளானும் எங்களைப் போன்ற சைவக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம்.

அதற்காக எல்லாவற்றிலும் கையை இறுக்க வேண்டாம். மிக்கி காது வைத்த ஐஸ்கிரீமை வாங்கித் தராமல் கூட்டிவந்தால் பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள். நாளுக்கு ஆளுக்கொன்று என்று முதலிலேயே பேசிவைத்துவிட்டோம், அப்புறம் நச்சரிப்பு இல்லை.

மறுநாள் ஆர்லாண்டோவிலேயே உள்ள யுனிவர்சல் பூங்காவுக்குப் போகிறீர்களா? அது டிஸ்னியுடையது அல்ல. அங்கே இந்த யோசனை செல்லாது. தண்ணீரும் கொஞ்சம் நொறுக்குத்தீனியும் விடுவார்கள், சாப்பாட்டு மூட்டையை விடமாட்டார்கள். அன்றைக்குக் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பையில் முறுக்கோடு போங்கள்.