காவிரியின் திமில் மகசீர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காவிரியில் மகசீர் குஞ்சுகளைப் பல ஆண்டுகளாக விட்டு வந்திருக்கிறார்கள், பெரிய பெரிய மீன்கள் தூண்டிலில் சிக்கியதாகவும் படித்திருக்கிறோம். பிறகு ஏன் இந்த மீன் அழிந்து வருகிறது என்கிறார்கள்?
- வாசகர், சத்தியமங்கலம்

பதில்: மகசீர் என்பது பல மீன் இனங்களுக்கான பொதுப்பெயர். ஆற்றில் விட்ட மகசீர் வேறு, அழிந்து வரும் மகசீர் வேறு. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது திமில் மகசீர். திமில்போல எழும்பி நிற்கும் முதுகும், ஆரஞ்சு நிறத் துடுப்புகளும் அதன் அடையாளம். 50 கிலோவைத் தாண்டியும் வளரக்கூடியது. 1970களிலிருந்து, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் உள்ள பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் குஞ்சுகள் காவிரிக்குக் கொண்டுவரப்பட்டன. அது கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த மீன். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான் என்றாலும், வந்த மீன் பெருகியது, சொந்த மீன் சுருங்கியது.

காவிரிக்கரைத் தூண்டில் முகாம்களில் 1998 முதல் 2012 வரை எழுதி வைக்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்தபோது இது வெளிப்பட்டது. சிக்கிய திமில் மகசீர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போக, அவற்றின் சராசரி எடையோ கூடிக்கொண்டே போயிருந்தது. எடை கூடியதை நல்ல செய்தி என்று நினைத்துவிடக் கூடாது. இளம் மீன்கள் சேராமல், முதிர்ந்தவை மட்டும் எஞ்சியிருந்தன என்பதே அதன் பொருள். உங்களைப் போன்றவர்கள் படித்த பெரிய மீன் செய்திகளையும் இந்தக் கண்கொண்டுதான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவு பெரிய மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர்கூட நெடுங்காலம் இல்லை என்பது வேதனையானது. பவானியின் துணையாறான மாயாற்றில் பிடித்த மீன்களை, கேரளத்தில் காவிரிப் படுகையைச் சேர்ந்த பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த மீனோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என 2018இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். டோர் ரெமாதேவி என்ற அந்தப் பெயர், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரெமா தேவியைச் சிறப்பிப்பது. பெயர் உறுதியான அதே ஆண்டில், மிக அருகிய இனமாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

கேள்வி: இந்த மீனுக்கு எப்படிப்பட்ட ஆறு வேண்டும்? என்ன தின்னும்?
- வாசகி, பவானி

பதில்: பாறைகளுக்கிடையே பாய்ந்தோடும் தெளிந்த நீரும், கோடையில் ஒதுங்க வற்றாத ஆழ்ந்த மடுவும், முட்டையிடக் கூழாங்கல் படுகையும் மகசீர்களுக்குத் தேவை. மழைக்காலத்தில் வெள்ளத்தை எதிர்த்து மேலேறிச் சென்று முட்டையிடுவது இவற்றின் இயல்பு. முட்டைகள் மிதப்பதில்லை, கற்களின் இடுக்கில் தங்கி, இடையே ஓடும் நீரில் கிடைக்கும் உயிர்வளியைக் கொண்டு வளர்கின்றன. அதனால்தான் வண்டல் வந்து இடுக்குகளை மூடிவிட்டாலோ, மணலோடு கல்லையும் அள்ளிவிட்டாலோ அந்தப் பருவத்து இனப்பெருக்கமே பாழாகிறது. மேட்டூர், பவானிசாகர் போன்ற அணைகள் மேலேறும் வழியை மறிப்பதோடு, வெள்ளம் வரும் காலத்தையும் அளவையும் மாற்றிவிடுகின்றன.

மகசீரின் வாயைத் திறந்து பார்த்தால் தாடையில் ஒரு பல்லும் இராது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. நண்டையும் நத்தையையும் அங்கேதான் நொறுக்குகிறது. தடித்த உதடுகளை ஒட்டிய இரண்டு ஜோடி மீசைகள் அடித்தரையில் இரை தேட உதவுகின்றன. கரையோர மரங்களிலிருந்து விழும் பழங்களும் அதற்கு உணவு என்பதால், கரைக்காட்டை அழிப்பதும் மீனைத் தொடுகிறது.

கேள்வி: குஞ்சு பொரிக்க வைத்து ஆற்றில் விட்டால் காப்பாற்றிவிடலாமா?
- மாணவர், ஈரோடு

பதில்: தாய் மீன்கள் காவிரிப் படுகையின் திமில் மகசீர்தான் என்று மரபணுச் சோதனையில் உறுதியான பிறகே அதைப் பற்றி யோசிக்கலாம். மகசீர்கள் மெதுவாக வளர்ந்து, தாமதமாகவே முதிர்ச்சி அடைபவை. ரோகு, கட்லா அளவுக்கு முட்டையும் இடுவதில்லை. ஆகவே குஞ்சுகளைவிட, மாயாற்றில் எஞ்சியிருக்கும் மீன்களை வெடியிலிருந்தும் நஞ்சிலிருந்தும் காப்பதும், கோடையில் அங்குள்ள மடுக்கள் வற்றாதபடி நீரை விடுவதும்தான் முதலில் நடக்க வேண்டும். நீலத்துடுப்பு மகசீரை அந்த நீரில் இனி ஒருபோதும் விடக் கூடாது.