மூங்கில் ஒட்டிய வில்லில் ஒட்டு ஏன் விடுகிறது?

யாழ்ப்பாணத்தில் செய்த மூங்கில்-மர அடுக்கு வில், நாண் ஏற்றிச் சில நாளிலேயே ஒட்டு விடுவதாகக் கேட்டிருந்தீர்கள். முதலில் பசையைச் சந்தேகியுங்கள். வெள்ளை மரப்பசை தொடர்ந்து விசை இருந்தால் மெல்ல வழுகும். மெதுவாக இறுகும் எப்பொக்சியே (இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் பசை) ஏற்றது. ஒட்டும் முகங்களை 80 நம்பர் சாண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்குங்கள். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம், அதை எண்ணெயைக் கரைக்கும் அசிற்றோன் திரவத்தால் துடைக்காமல் ஒட்டக்கூடாது.

அடுத்த பிழை, ஒட்டிய துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை முழுப்பலத்தில் முறுக்குவது. எப்பொக்சி வெளியே பிதுங்கி, இணைப்பு வறண்டுவிடும். பழைய சைக்கிள் ரியூப்பை ஓரங்குலப் பட்டியாக வெட்டி இறுகச் சுற்றினாலே அழுத்தம் சீராகப் பரவும், காசும் மிச்சம். 24 மணிநேரமாவது அசைக்காதீர்கள்.

வளைவைச் சரிசெய்யும்போது எய்பவர் பக்கத்து மரத்தை மட்டும் சீவுங்கள். இலக்கைப் பார்க்கும் மூங்கிலின் மேல்தோலில் நார் அறுந்தால் வில் அங்கேதான் முறியும். செய்த வில்லை வெயிலில் விடாதீர்கள். சூட்டில் எப்பொக்சி இளகும்.