ரூபியின் இதய வால்வுக்கு 1,40,000 ரூபாய்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். எங்கள் பீகிள் நாய் ரூபிக்கு எட்டு மாதம். போன மாதம் மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தது. இங்குள்ள டாக்டர், இதயத்தில் இரைச்சல் கேட்கிறது என்று சென்னைக்கு அனுப்பினார். நுரையீரலுக்கு ரத்தம் போகிற வால்வு பிறவியிலேயே குறுகியிருக்கிறதாம். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் அழுத்த வித்தியாசம் 95 என்று இருக்கிறது. பலூன் சிகிச்சைக்கு எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். எங்கள் இருவர் வருமானம் மாதம் 62,000, வீட்டுக் கடன் தவணை 18,000. சேமிப்புக் கணக்கில் 70,000 இருக்கிறது. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக 2,00,000 ரூபாய் டெபாசிட், அது அடுத்த ஜூனில் தேவை. பதிவு பெற்ற கம்பெனியில் மாதம் 5,000 கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு இன்னும் 7 தவணை பாக்கி. மே மாதம் முடியும். ஆறு பவுன் நகை உண்டு. குட்டி போட்டால் விற்றுப் பணத்தை எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். நாய்க்குப் போய் இவ்வளவா என்கிறார் மாமியார். நகையை வைக்கலாமா?

பதில்: நகையைத் தொட வேண்டாம். ஆனால் சிகிச்சைக்குப் பணம் புரட்டலாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் கையிருப்பு மட்டும் அல்ல, நோயின் தன்மையும் இதற்குக் காரணம்.

நாய்களின் பிறவி வால்வுக் கோளாறு எல்லாம் ஒரே மாதிரி பணம் கேட்பதில்லை. என் வீட்டு லேப்ரடாருக்கு மூவிதழ் வால்வு பிறவியிலேயே சரியாக அமையவில்லை. அதற்குப் பலூன் கிடையாது. நீர் பிரிய மாத்திரை, இதயத்துக்கு மாத்திரை, அடிக்கடி ஸ்கேன் என்று மூன்று வருடம் மாதாமாதம் செலவு போனது. அதற்கென்று தனியாக எடுத்து வைக்காமல் கிரெடிட் கார்டில் போட்டுக்கொண்டே வந்தேன். நாய் போன பிறகும் கடன் இருந்தது. அந்த வலியோடுதான் இதை எழுதுகிறேன்.

ரூபியின் நிலை வேறு. இந்த வால்வில் அழுத்த வித்தியாசம் 50க்குக் கீழே என்றால் லேசானது. பெரும்பாலும் கண்காணிப்பே போதும். 80ஐத் தாண்டினால் கடுமையானது. ரூபிக்கு 95, அதோடு மயக்கமும் வந்திருக்கிறது. இப்படிப்பட்ட நாய்களுக்குத்தான் பலூன் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். மார்பைத் திறப்பதில்லை. கழுத்து அல்லது தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் குழாயைச் செலுத்தி, வால்வுக்குள் பலூனை ஊதி விரிப்பார்கள். நன்றாக அமைந்தால் அந்த அழுத்தம் பாதியாகக் குறையும். பீகிள் பன்னிரண்டு வயதுக்கு மேலும் வாழக்கூடிய இனம். பெரும்பகுதி ஒரே தடவையில் முடிகிற செலவு, கிடைப்பது பல வருடங்கள். அதனால்தான் சரி என்கிறேன்.

ஆனாலும் அட்வான்ஸ் கட்டும் முன் டாக்டரிடம் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். வால்வின் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா, இல்லை இதழ்கள் தடித்து வால்வு வளையமே சிறுத்திருக்கிறதா? ஒட்டியிருந்தால் பலூன் நன்றாகப் பிரித்துவிடும். வளையம் சிறுத்திருந்தால் பலன் குறைவு; அப்போது இதே பணத்துக்கு என் பதில் மாறக்கூடும். அப்புறம், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டிக் கேளுங்கள். வேலூரிலிருந்து 140 கிலோமீட்டர் அலைச்சல்தான், ஆனால் இவ்வளவு பெரிய தொகைக்கு இரண்டாவது கருத்து அவசியம்.

இப்போது பணம். சேமிப்பிலிருந்து 40,000 எடுங்கள். 30,000 அப்படியே இருக்கட்டும். மீதி ஒரு லட்சத்துக்கு டெபாசிட்டை உடைக்காமல் அதன் மேல் கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதலாகக் கேட்பார்கள். ஆண்டுக்கு எட்டரை சதவீதம் என்று வைத்தால் மாதம் சுமார் 710 ரூபாய், ஏழு மாதத்துக்கு 5,000. இதே தொகை கிரெடிட் கார்டில் மாதம் மூன்றரை சதவீதத்தில் நின்றால் 24,500. கடன் ஆப், மீட்டர் வட்டி பக்கம் போகவே போகாதீர்கள்.

சீட்டை இப்போது ஏலத்தில் எடுக்காதீர்கள். அவசரத்துக்கு எடுப்பவர் அதிகமாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டி வரும். கடைசி வரை விட்டால் கம்பெனி கமிஷன் போக சுமார் 93,000 மே மாதம் கைக்கு வரும். அதை அப்படியே டெபாசிட் கடனில் கட்டி, குறைகிற ஏழாயிரத்தையும் வட்டியையும் சம்பளத்திலிருந்து போட்டால், ஜூனில் மகனின் 2,00,000 முழுசாக இருக்கும். நகை வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் உதவட்டும்.

இன்ஷூரன்ஸை நம்ப வேண்டாம். ஏற்கெனவே கண்டுபிடித்த நோயைச் செல்லப்பிராணி பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. மருத்துவ இன்ஷூரன்ஸுக்கான வரிச் சலுகையும் மனிதர்களுக்குத்தான். சிகிச்சைக்குப் பிறகும் மறு எக்கோ உண்டு, சில நாய்களுக்கு வால்வு மறுபடி குறுகுவதும் உண்டு. அதற்காக மாதம் 1,500 தனியாகப் போட்டு வையுங்கள்.

கணவரிடம் இதையும் சொல்லுங்கள். இந்தக் கோளாறு வம்சத்தில் இறங்கக்கூடியது. ரூபியைக் குட்டி போட விடக்கூடாது; கர்ப்பம் அதன் இதயத்துக்கும் பாரம். குட்டி வருமானம் என்ற வரியைக் கணக்கிலிருந்தே அடித்துவிடுங்கள்.

மாமியாரின் கேள்வி நியாயமானது. அவரிடம் கோபப்படாமல் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்; பேரன் படிப்புப் பணத்தில் கை வைக்கவில்லை என்று தெரிந்தால் அவர் மனசு ஆறும். 1,40,000க்கு மேல் போனால் எவ்வளவு வரை என்பதையும் மூன்று பேரும் வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். அதுவரை ரூபியை ஓட விடாதீர்கள், மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.