மேலாண்மையில் பெண்கள் குறித்த முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் இருக்கிறதா?

மேலாண்மையிலும் தலைமைப் பொறுப்பிலும் உள்ள பெண்களைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய வாய்ப்பு உண்டா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்துறையில் பட்டம் பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: வாய்ப்பு உண்டு; ஆனால் பலரும் முதலில் போய் நிற்கும் இடத்தில் நெரிசல் அதிகம்.

அந்த இடம் நிறுவனங்களின் இயக்குநர் குழு. நார்வே 2003இல் சட்டம் இயற்றி, பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இரு பாலினரும் சுமார் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பதை 2008இல் முழுக் கட்டாயமாக்கியது. அதனால் நிறுவனங்களின் சந்தை மதிப்பு சரிந்தது என்று சிலரும், மறுபடி கணக்கிட்டு அப்படியொன்றும் இல்லை என்று வேறு சிலரும் எழுதிவிட்டார்கள். ஆண்டறிக்கையைப் புரட்டினாலே தரவு கிடைத்துவிடுவதுதான் இந்த நெரிசலுக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

பழைய தரவிலும் புதிய கேள்வி பிறக்காமல் இல்லை. பெண்கள் இயக்குநர்களாக வந்த பிரிட்டிஷ் நிறுவனங்களின் பங்கு மதிப்பு குறைகிறது என்று ஒரு நாளிதழ் எழுதியபோது, உளவியலாளர்களான மிஷெல் ரயனும் அலெக்சாண்டர் ஹாஸ்லமும் எது முந்தியது என்று பார்த்தார்கள். சந்தை சரிந்திருந்த காலத்தில் பெண்களை நியமித்த நிறுவனங்கள் அதற்கு முந்தைய மாதங்களிலேயே தடுமாறிக்கொண்டிருந்தன என்று 2005இல் காட்டினார்கள்.

எனது முதல் ஆய்வு முன்மொழிவின் தலைப்பு 'பெண் தலைவர்கள் எதிர்கொள்ளும் சவால்கள்'. அதைப் படித்த பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் மூன்றே கேள்விகள் எழுதித் திருப்பித் தந்தார்: "யார்? எங்கே? எதோடு ஒப்பிட்டு?" அன்று கசந்தது. பிறகு, இத்துறையில் இன்னும் போதிய வெளிச்சம் படாத இடம் முதல் பதவி உயர்வு என்று தோன்றியதால், ஒரு நிறுவனத்தின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களைப் பெயர் நீக்கி வாங்கிப் படித்தேன். ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில், ஆணின் படிவத்தில் 'அடுத்த பொறுப்புக்குத் தயார்' என்றும் பெண்ணின் படிவத்தில் 'கடும் உழைப்பாளி' என்றும் ஒரே மேலாளர் எழுதியிருந்தார். மேலாளர் என்றதும் மனத்தில் எழும் உருவம் ஆணுடையதாகவே இருக்கிறது என்று உளவியலாளர் வர்ஜீனியா ஷைன் 1973இல் அளந்து காட்டியது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனவே தலைப்பை முடிவு செய்யுமுன் எந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும் என்று பாருங்கள். மேலாண்மைத் துறையோடு நில்லாமல் சமூகவியல், உளவியல், பொருளியல் துறைகளிலும் நெறியாளரைத் தேடலாம். உதவித்தொகையோடு விளம்பரமாகும் இடங்களில் பல, ஏற்கெனவே வகுக்கப்பட்ட திட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே உங்கள் கேள்வியை நுழைக்க இடம் குறைவு. நெறியாளரின் அண்மைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் முன்மொழிவை எழுதி அவருக்கு அனுப்புங்கள். ஒரு நிறுவனம் தரவு தர எழுத்தில் இசைந்திருந்தால், அதை மின்னஞ்சலின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த ஒரு கடிதம் வாங்கவே பதினொரு மாதங்கள் ஆயின.